அங்கெல்லாம் சார்

ஷெங்கன் விசாவில் ஐரோப்பா போனவர் 90 நாளுக்குமேல் அங்கே தங்க முடியாது. ஊர் திரும்பியபின் எத்தனை நாள் பேசலாம் என்பதற்கு மட்டும் அதில் வரம்பு எதுவும் வைக்கவில்லை. எங்கள் தெருவின் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. எதற்கெடுத்தாலும் "அங்கெல்லாம்..." என்றே தொடங்குவதால், அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது.

தெருவில் நாய் குரைத்தால் போதும். "அங்கெல்லாம் நாய்க்கு வருஷா வருஷம் வரி கட்டணும் தம்பி. கொஞ்சம் பெரிய நாயா இருந்தா ரயில்ல அரை டிக்கெட்!" எங்கள் தெரு நாயே ஒரு கணம் வாயை மூடிக்கொண்டது. வரி என்றால் யாருக்குத்தான் பயமில்லை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்காரர் காலண்டர் மாட்ட ஆணி அடித்தார். சார் விரைந்து போனார். "அங்கெல்லாம் ஞாயித்துக்கிழமை கடை இருக்காது, டிரில்லிங் மெஷின் போடக் கூடாது. காலி கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில போடக்கூட அனுமதியில்ல, சத்தம் கேக்கும்ல?" ஆணி அடித்தவர் அப்போதே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். அதன்பின் மதியம் வரை தெருவில் கேட்ட ஒரே சத்தம் சாருடையதுதான்.

டீக்கடையில் வேறு பாடம். குடித்த பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையிலிருக்கும் மெஷினில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே அதைச் சேர்த்து வாங்கிவிடுவார்கள் என்று பரவசமாக விளக்கினார். "நம்ம நீலகிரியில 2022-லேயே டாஸ்மாக்ல வந்திருச்சு சார். காலி பாட்டில் குடுத்தா பத்து ரூபா" என்றார் டீ மாஸ்டர். ஜெர்மனியையும் டாஸ்மாக்கையும் ஒரே மூச்சில் சொன்னது சாருக்குப் பிடிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

ரயில் வரும் நேரத்தைப் பற்றி மட்டும் அவர் வாயே திறந்ததில்லை. கல்லூரிப் பையன் ஒருவன் செல்போனைப் பார்த்து வாசித்தான்: "சார், 2024-ல அங்க தொலைதூர ரயில்ல 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்துச்சாம். ஆறு நிமிஷத்துக்குள்ள வந்தா லேட்டே இல்லன்னு கணக்கு வச்சும் இவ்வளவுதான்!"

சார் தடுமாறவில்லை. "அறுபதுக்கு மேல ஃபர்ஸ்ட் கிளாஸ்டா" என்றார்.

அங்கிருந்து ஓர் அட்டையும் கொண்டுவந்திருந்தார். அந்தப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் படிக்கட்டையும் வாசலையும் வாரம் ஒரு குடும்பம் பெருக்கவேண்டும்; 'கேர்வோஹெ' என்று பெயர். முறை யாருடையதோ, அவர் கதவில் அட்டை தொங்கும். முறை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இதைச் சார் தன் வீட்டுக் கூடத்தில் அலங்காரமாக மாட்டி, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாக எந்த அட்டையும் இல்லாமல் தினமும் விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போடும் அவர் மனைவி, அடுப்படியிலிருந்து ஒருநாள் இதை முழுதாகக் கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலை அட்டை சாரின் சாய்வு நாற்காலிக் கைப்பிடியில் தொங்கியது. வாசலில் வேட்டியை மடித்துக் கட்டி, துடைப்பத்தோடு நின்றவரிடம், "என்ன சார், அங்கெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"பெருக்கின இடத்தை மிதிக்காதே, தள்ளி நில்லு" என்றார்.