சொந்த விருப்பத்தின்பேரில் கூட்டத்தோடு போவது எப்படி?

கூட்டத்தோடு போவது யாருக்கும் வரும். போய்விட்டு வந்து, "இது நானே யோசிச்சு எடுத்த முடிவு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதற்குத்தான் பயிற்சி வேண்டும். பலருக்கு இது பிறவியிலேயே கைவந்திருக்கிறது. மற்றவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

முதல் வேலை, ஒரு கூட்டத்தைப் பிடிப்பது. மாநாட்டுத் திடலெல்லாம் தேவையில்லை. அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த சாலமன் ஆஷ், 1950களில் இதை அளந்தே பார்த்துவிட்டார். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தனியாக இருந்து பதில் சொன்னவர்கள் ஏறக்குறைய தப்பே செய்யவில்லை. பிறகு ஒரு மாணவரை மட்டும் உண்மை தெரியாமல் உட்காரவைத்து, சுற்றிலும் ஆஷ் தம் ஆட்களை அமர்த்தினார். பேசிவைத்தபடி அவர்கள் வரிசையாக ஒரே தப்பான விடையைச் சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தன. நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது தங்கள் கண்ணைக் கைவிட்டார்கள். எதிரே ஒருவர் மட்டும் என்றால் யாரும் பெரிதாக அசையவில்லை. இருவர் என்றால் கொஞ்சம் ஆட்டம். மூவர் சேர்ந்தால் வேலை முடிந்தது. அதற்கு மேல் ஆள் சேர்த்தும் பெரிய லாபம் இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சும் நம் வீட்டுப் பெரியவர்கள், பாதுகாப்புக்காக ஒரு ஆளைக் கூடுதலாகவே வைத்திருக்கிறார்கள்.

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். செயலாளர், பொருளாளர், எப்போதும் முன்வரிசையில் அமரும் ஓய்வுபெற்ற அதிகாரி. மூன்று பேர் ஆயிற்று. வளாகத்துக்குள் பிள்ளைகள் பந்து விளையாடக் கூடாது என்று தீர்மானம். உங்களுக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், இருவரும் அந்த நேரத்தில் கீழே பந்துதான் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பதற வேண்டாம். தொண்டையைச் செருமுங்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியை மெல்லத் திறந்து மூடுங்கள். அந்த அவகாசத்தில் எத்தனை கை மேலே போயிருக்கிறது என்று கண்ணாலேயே எண்ணிவிடலாம். பாதியைத் தாண்டியதும் உங்கள் கை உயரட்டும். ரொம்பப் பிந்திவிட்டால் பயந்தவர் என்பார்கள். முந்தினால் அடுத்த வருடம் உங்களையே செயலாளர் ஆக்கிவிடுவார்கள். "சீட்டில் எழுதிப் போடலாமே" என்று யாராவது சொன்னால் மட்டும் அங்கேயே எதிர்த்துவிடுங்கள். ஆஷின் அறையில்கூட, விடையை வாயால் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோது பலர் மறுபடி தங்கள் கண்ணை நம்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

காரணத்தைப் பற்றி இப்போதே கவலைப்படாதீர்கள். மாடிப்படி இறங்குவதற்குள் அது தானாக வந்துவிடும். ஜன்னல் கண்ணாடி, முதியோரின் மாலை நடை, பரீட்சை நெருக்கம். காரணங்களுக்கு என்றுமே தட்டுப்பாடு வந்ததில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோதி வில்சனும் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு கடைக் கதை வருகிறது. நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். இடக்கோடியில் இருந்ததைவிட வலக்கோடியில் இருந்த ஜோடியை ஏறக்குறைய நான்கு மடங்குப் பேர் தேர்ந்தார்கள். ஏன் என்றால் நெசவு, மென்மை என்று விளக்கம். நான்கும் அச்சு அசல் ஒரே சரக்கு. வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமோ என்று நேரடியாகக் கேட்டதற்கு, கேட்டவரையே ஒரு மாதிரிப் பார்த்தார்களாம். ஆகவே துணிக்கடையில் மாமியாரும் நாத்தனாரும் "இதுதான் எடுப்பா இருக்கு" என்று சொன்ன பிறகு நீங்கள் அந்தச் சேலையை எடுத்தால், கரை பிடித்திருந்தது என்று தயங்காமல் சொல்லுங்கள். பொய் சொல்கிறோமே என்ற உறுத்தல் வேண்டாம். உண்மையிலேயே அப்படித்தான் தோன்றும்.

கூட்டம் சும்மா இருக்கும்போது நீங்களும் சும்மா இருப்பது இதில் உயர்நிலைப் பாடம். 1968இல் பிப் லட்டானேயும் ஜான் டார்லியும் வெளியிட்ட ஒரு சோதனையில், படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் அறைக்குள் சுவர்த் துளை வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். புகையைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டு எழுதிக்கொண்டே இருந்த இருவருக்கு நடுவே உட்காரவைத்தபோது, பத்தில் ஒருவர்தான் எழுந்தார். மற்ற ஒன்பது பேரும் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், புகையைக் கையால் விலக்கிப் படிவத்தை நிரப்பினார்கள். அதை நீராவி என்றும் குளிர்சாதனத்தின் ஆவி என்றும் நினைத்தார்களாம். இவர்களை முன்மாதிரியாகக் கொண்டால் எந்தத் தெருவிலும் நிம்மதியாக வாழலாம்.

யாராவது விடாப்பிடியாக, "கையைத் தூக்கியது நீங்களா, கூட்டமா?" என்று கேட்டால்தான் தத்துவம் தேவைப்படும். பெருமை வரும் இடத்தில் சுயேச்சை, பழி வரும் இடத்தில் விதி. பையன் பெரிய கம்பெனியில் சேர்ந்தால் என் வளர்ப்பு, சேராவிட்டால் அவன் ஜாதகம். விஞ்ஞானம் படித்தவரிடம் ஜாதகம் எடுபடாது. அவரிடம் பெஞ்சமின் லிபெட்டைச் சொல்லுங்கள். தோன்றும்போது கையை அசையுங்கள் என்று ஆட்களிடம் சொல்லி மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்தவர். 1983இல் வந்த முடிவின்படி, அசைவுக்கு அரை நொடிக்கும் முன்பே மூளை தயாராகத் தொடங்கிவிடுகிறது. "அசைக்கப் போகிறேன்" என்ற நினைப்பு சுமார் 0.2 நொடிக்கு முன்புதான் வருகிறது. தீர்மானம் நிறைவேறியதே உங்களுக்குத் தெரியாது என்று வாதாடலாம். ஆனால் எதிராளி கொஞ்சம் படித்தவராக இருந்தால் ஆபத்து. அந்தக் கடைசித் துணுக்கு நேரத்தில் மனம் தடுத்து நிறுத்த முடியும் என்று லிபெட்டே கருதினார். அந்த மின் அலை முடிவே அல்ல, மூளையின் தற்செயல் ஏற்றஇறக்கம் ஒரு வரம்பைத் தொடுவதுதான் என்று 2012இல் ஆரோன் ஷுர்கர் குழுவினர் வேறு விளக்கம் தந்தார்கள்.

ஆதலால் மற்கலி கோசாலர்தான் பத்திரமானவர். புத்தர் காலத்து ஆசீவகச் சமயத் தலைவர். எறிந்த நூலுருண்டை நூல் தீரும்வரை அவிழ்ந்து ஓடுவதுபோல எல்லாம் நியதிப்படி நடந்து தீரும், முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்பது அவர் கொள்கையாகச் சொல்லப்படுகிறது. மணிமேகலையில் ஆசீவகவாதி ஒருவர் பேசுகிறார், நீலகேசியில் வாதமே நடக்கிறது. அவர்களுடைய சொந்த நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. எதிர்த்தவர்கள் எழுதிவைத்ததிலிருந்துதான் அறிகிறோம். அந்தச் சபையிலும் பெரும்பான்மையின் கைதான் மேலே இருந்திருக்கிறது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இத்தனை ஏற்பாட்டையும் ஒரே ஒரு ஆள் கெடுத்துவிடுவார். ஆஷின் அறையில் சரியான விடை சொல்லும் ஒரு துணை கிடைத்ததும், கூட்டத்துக்கு இணங்குவது நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய பிரபலமான சோதனையில், சோதனை நடத்துபவர் சொன்னார் என்பதற்காக 40 பேரில் 26 பேர், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்சாரம் பாய்கிறது என்று நம்பியபடியே 450 வோல்ட்வரை விசையை அழுத்தினார்கள். கூட இருந்த இருவர் "முடியாது" என்று எழுந்துவிட்ட இன்னொரு சுற்றிலோ, 40 பேரில் கடைசிவரை போனவர்கள் நான்கே பேர்.

எனவே சங்கக் கூட்டத்தில் மூன்றாவது மாடி வாடகைக்காரர் நாற்காலியில் நெளிவது தெரிந்தால் தாமதிக்காதீர்கள். போண்டாத் தட்டை அவர் பக்கம் நகர்த்துங்கள். "ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதும்படி செயலாளருக்குக் கண் காட்டுங்கள். இத்தனைக்கும் மீறி அவர் எழுந்து, "பிள்ளைங்க வேற எங்க சார் விளையாடும்?" என்று கேட்டுவிட்டால், உங்கள் கை தானாகக் கீழே இறங்கும். இறங்கட்டும். ஆரம்பத்திலிருந்தே எனக்கு இதில் உடன்பாடில்லை என்று உரக்கச் சொல்லிவிடுங்கள். காரணம் மாடிப்படியில் வந்துகொள்ளும்.