ரசிகர் திணையியல்

இந்நூலுக்கு நிலம், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகர். பொழுது இரண்டு. அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தோடு ஒழிவது பெரும்பொழுது. ஆட்டம் தோற்றதிலிருந்து தூக்கம் வரும்வரை உள்ள நேரம் சிறுபொழுது. மீசை முளைக்காத பிள்ளைகளை வைத்து ஆடும் கல்லூரிக் கூடைப்பந்து அணி சீசன் தொடக்கத்தில் சறுக்கும்போது ரசிகர் என்னென்ன சொல்வர், எதனால் அப்படிச் சொல்வர் என்பதே நூல் நுவலும் பொருள். இலக்கியம் கண்டதற்கே இலக்கணம் என்பதால், 2013-14 சீசனின் கென்டக்கி பல்கலைக்கழக அணியை இலக்கியமாகக் கொண்டோம். வேறு அணிகளும் இதற்குள் அடங்கும். ஆனால் இத்தனை வளமான தரவு வேறெங்கும் கிடைக்காது.

பாயிரம் சுருக்கமாக. 1972 வரை முதலாண்டு மாணவர் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடவே விதி இடந்தரவில்லை. பிறகு இடந்தந்தது. 2006 முதல், பள்ளியை முடித்த கையோடு தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்குப் போகக் கூடாது, இடையில் ஓராண்டாவது கழிய வேண்டும் என்று அந்த லீக் விதித்தது. அந்த ஓராண்டைக் கழிக்க நாட்டிலேயே மிகச் சிறந்த பையன்கள் கல்லூரிக்கு வந்தார்கள். ஓராண்டு ஆடிவிட்டுப் போனார்கள். இவர்களைத் திரட்டுவதில் கைதேர்ந்தவர் கென்டக்கியின் அப்போதைய பயிற்சியாளர் ஜான் கலிபாரி. 2013இல் ஜூலியஸ் ரேண்டில், இரட்டையர் ஆண்ட்ரூ ஹாரிசன், ஆரன் ஹாரிசன், ஜேம்ஸ் யங், டகாரி ஜான்சன், மார்கஸ் லீ என ஆறு பேரை ஒரே கொத்தாகக் கொண்டுவந்தார். ஆறு பேரும் பள்ளிப் பருவத்தின் உச்ச மரியாதையான மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன் பட்டம் பெற்றவர்கள். ஒரு கல்லூரி ஆட்டம்கூட ஆடாத நிலையில் ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசை இவர்களை நாட்டின் முதல் அணி என்றது. இனித் திணைகள்.

முதலாவது குறிஞ்சி. உரிப்பொருள் புணர்தல். காலம் அக்டோபர். ‘பிக் ப்ளூ மேட்னஸ்’ என்றொரு இரவு உண்டு. அணியின் அரங்கமான ரப் அரீனா நிரம்பி வழியும், எதிரணி என்று யாரும் இருக்க மாட்டார்கள். அக்காலத்தில் அதன் டிக்கெட்டுக்காக மெமோரியல் கொலிசியத்தைச் சுற்றி ரசிகர்கள் கூடாரம் அடித்து நாள்கணக்கில் கிடந்தார்கள். குடும்பத்தோடு, போர்வையோடு, குளிர்பெட்டியோடு. உள்ளே போனால் பையன்கள் ஒவ்வொருவராகப் புகைக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே வந்து நிற்பார்கள், தங்களுக்குள் இரண்டாகப் பிரிந்து கொஞ்சம் ஆடிக் காட்டுவார்கள், அவ்வளவுதான். எதிரணி இல்லாததால் தோல்வியும் இல்லை. ஆகவே இத்திணையே ஐந்தனுள்ளும் சிறந்தது என்க. இதன் கருப்பொருள் டி-ஷர்ட். அவ்வாண்டு லெக்சிங்டனில் விற்ற சட்டையில் ‘40-0’ என்று அச்சிட்டிருந்தது. ஓய்வு பெறுவதற்குள் ஓர் அணியை நாற்பதுக்கு நாற்பதும் வெல்லவைக்க வேண்டும் என்று கலிபாரி ஆசையைச் சொல்லியிருந்தார்; ரசிகர் அதைத் தேதியிட்ட வாக்குறுதியாக வாங்கி நெஞ்சில் ஒட்டிக்கொண்டனர்.

நவம்பர் 12ஆம் நாள் சிகாகோவில், முதலிடத்துக் கென்டக்கி இரண்டாமிடத்து மிஷிகன் ஸ்டேட்டிடம் 78-74 எனத் தோற்றது. ரேண்டில் மட்டும் 27 புள்ளி எடுத்தார். ‘0’ அழிந்தது, சட்டை மிஞ்சியது. குறிஞ்சி திரிந்து ஏனைய திணைகள் தோன்றும் இடம் இதுவே.

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், அதாவது பொறுத்திருத்தல். “பசங்க இன்னும் சின்னப் பசங்கதானே” என்பது இத்திணையின் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும். முல்லையார் மூவகையர் என்ப.

ஒரு சாரார் நாட்காட்டி முல்லையார். தவணை சொல்வர். டிசம்பர் 6ஆம் நாள் டெக்சஸின் ஆர்லிங்டனில் பேய்லரிடம் 67-62 எனத் தோற்றபோது “கிறிஸ்துமஸ் வரட்டும்” என்றனர். அடுத்த வாரம் நார்த் கரோலினாவிடம் 82-77 எனத் தோற்றதும் “ஜனவரி வரட்டும்” என்றனர். டிசம்பர் 28ஆம் நாள் நடப்புச் சாம்பியனான லூயிவில்லை 73-66 என வென்றதும், கார்காலம் வந்துவிட்டது, தேர்மணி கேட்கிறது என்று துள்ளினர். ஜனவரியில் ஆர்கன்சாஸ் கூடுதல் நேரத்தில் 87-85 என மடக்கியது. தவணை பிப்ரவரிக்குப் போனது. இவர்கள் சொன்னது எந்நாளும் பொய்க்காது. நாள் நகர்ந்துகொண்டே இருப்பதால்.

மற்றொரு சாரார் வரலாற்று முல்லையார். 2012இல் முதலாண்டு ஆண்டனி டேவிஸை நடுவில் நிறுத்திக் கென்டக்கி தேசியக் கோப்பை வென்றதை மேற்கோள் காட்டுவர். மிஷிகனின் ‘ஃபேப் ஃபைவ்’ ஐவரும் முதலாண்டிலேயே 1992இன் இறுதியாட்டம் வரை போனதையும் காட்டுவர். அங்கே டியூக்கிடம் 71-51 என உதைபட்டதைக் காட்டார். 2012 அணியில் டேரியஸ் மில்லர் என்ற நான்காமாண்டுக்காரரும், இரண்டாமாண்டுக்காரர் இருவரும் முக்கிய ஆட்டக்காரர்களாக இருந்ததையும் சொல்லார். மேற்கோளில் வேண்டியதை எடுத்து வேண்டாததை விடுவது உரையாசிரியர் அனைவர்க்கும் பொதுவாதலால் இதைக் குற்றமாகக் கொள்ளற்க.

மூன்றாமவர் மந்திர முல்லையார். அணி தேறாததற்கு ஏதோ ஒரு சிறு திருகாணிதான் காரணம், அதைத் திருகிவிட்டால் ஓடும் என நம்புவோர். இவர்களுக்கு அந்த மார்ச்சில் பெருவாழ்வு கிடைத்தது. தம் கல்லூரிக் கூட்டமைப்பின் போட்டித் தொடருக்குச் சற்று முன் கலிபாரி, அணியில் சிறு மாற்றம் ஒன்று செய்திருப்பதாக நிருபர்களிடம் அறிவித்தார். என்ன மாற்றம் என்று சொல்ல மறுத்துவிட்டார். மாநிலமே அந்த மாற்றத்தைத் தேடியது. ஆண்ட்ரூ இன்னும் அதிகம் பாஸ் செய்கிறான் என்றார் சிலர். பயிற்சி நேரம் குறைந்திருக்கிறது என்றார் சிலர். பெயரிடாத பொருளுக்கு இத்தனை இலக்கணம் வேறெந்த மொழியிலும் எழுதப்பட்டதில்லை.

மருதம் அடுத்தது. ஊடல். இதன் தலைவன் பயிற்சியாளர், தலைவி ரசிகர். பிற ஊர்களில் பயிற்சியாளர் தோற்றால் ஊடுவர். லெக்சிங்டனிலோ ஊடற்காரணம் ஆழமானது: தலைவன் மனம் இங்கே இல்லை. நடப்பணி தடுமாறும் அதே நவம்பரில் அவர் அடுத்த ஆண்டுக்கான பையன்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். கார்ல்-ஆண்டனி டவுன்ஸ், டெவின் புக்கர், டைலர் யூலிஸ், ட்ரே லைல்ஸ். பரத்தையர் சேரியில் தேர் நிற்பதைக் கண்டவள் போல ரசிகர் முகம் சிவந்தனர். “இருக்கிற பையனுக்குத் தடுப்பாட்டம் சொல்லிக்கொடுக்க நேரமில்லை, வரப்போற பையன் வீட்டில் சாப்பிட நேரமிருக்கு!” இதற்குச் சமாதானம் சொல்லும் வாயில்கள் உள்ளூர் வானொலி நிகழ்ச்சிக்காரர்கள். ஆட்டம் முடிந்ததும் தொலைபேசியில் அழைப்போர் ஒவ்வொருவரும் வாயில் மறுப்பர். எனினும் ஊடல் பிரிவாக முற்றுவதில்லை. அடுத்த வெற்றியில் தீர்ந்துவிடும். மருதத்தின் உச்சம் மார்ச் 1. அட்டவணையின் அடியில் கிடந்த சவுத் கரோலினாவிடம் 72-67 எனத் தோற்ற நாள். இரண்டாம் பாதியில் நடுவரோடு மல்லுக்கு நின்ற கலிபாரியை வெளியே அனுப்பினர். ஊடியோரில் பாதிப்பேர் அவர் வெளியேறியதைக் கடமை தவறுதல் என்றனர். மறுபாதியர் சீசனிலேயே அவர் செய்த நல்ல பயிற்சி அதுதான் என்றனர்.

மருதத்தின் துறைகளுள் ‘உடல்மொழி காண்டல்’ தனியே சொல்லத்தக்கது. இத்துறையார் பந்தைப் பாரார், தோளைப் பார்ப்பர். ஹாரிசன் இரட்டையர் தோளைத் தொங்கப்போடுகின்றனர், கையை விரிக்கின்றனர், நடுவரை முறைக்கின்றனர் என்று அந்தக் குளிர்காலம் முழுக்கக் குற்றப்பத்திரிகை எழுதப்பட்டது. பத்தொன்பது வயதுப் பையன்களை இருபதாயிரம் பேர் உற்றுப் பார்த்தால் தோள் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. வென்றபோது அதே தோளை ‘பதற்றமில்லாத தன்மை’ என்றார்கள். ஒரே மெய்ப்பாடு வெற்றியில் ஒன்றாகவும் தோல்வியில் மற்றொன்றாகவும் வரும் என்று இங்கே விதித்துக்கொள்க.

நெய்தலைப் பற்றி அதிகம் இல்லை. இரங்கல். நெய்தலார் 2013 மார்ச்சை நினைத்துக்கொண்டே இருப்பர்: நெர்லன்ஸ் நோயல் முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்த ஆண்டு, தேசியச் சாம்பியனைத் தீர்மானிக்கும் பெருந்தொடருக்கே அழைப்பு வராமல், சிறு தொடரில் ராபர்ட் மோரிஸ் என்ற சின்னக் கல்லூரியிடம் 59-57 எனத் தோற்ற ஆண்டு. ஒவ்வொரு புதுத் தோல்வியும் இவர்களுக்கு அந்தப் பழைய தோல்வியே.

பாலை, பிரிதல். ஏனைய நிலங்களில் தலைவன் பிரிந்த பிறகு பாலை; கென்டக்கியில் சேரும்போதே பாலை. ரேண்டில் வரும்போதே போகிறவர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆதலால் பாலையார் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே என்பிஏ டிராஃப்ட் கணிப்பையும் பார்ப்பர். அணி தோற்றால் “இவன் இன்னும் ஓராண்டு இருப்பான்” என்று உள்ளூர மகிழ்ச்சி. வென்றால் “போய்விடுவான்” என்று கவலை. தோல்வியில் ஆறுதலும் வெற்றியில் துயரும் காணும் ஒரே ரசிகர் இனம் இது.

ஐந்திணைக்குப் புறத்தே இரண்டு. கைக்கிளை ஒருதலைக் காமம்: பத்தாம் வகுப்புப் பையன் எந்தக் கல்லூரிக்குப் போவான் என்று அறியத் துடிக்கும் நாற்பது வயதினர். அவர் இருப்பதே அந்தப் பையனுக்குத் தெரியாது. நடப்பணி என்ன தோற்றாலும் இவர்க்கு நோவில்லை. அவர் இதயம் இரண்டாண்டு முன்னே போய்விட்டது. பெருந்திணை பொருந்தாக் காமம்: அதே மாநிலத்தின் லூயிவில் ரசிகர். தம் அணி ஆடும் நாளைவிடக் கென்டக்கி தோற்கும் நாளை இவர்கள் ஊன்றிப் பார்ப்பர். வெறுப்புக்கு இத்தனை நேரம் ஒதுக்குவதை அன்பின் வகையுள் வைக்காமல் வேறெங்கு வைப்பது?

இனி நடந்தது. சீசன் தொடங்குமுன் முதலிடத்தில் இருந்த அணி மார்ச்சில் முதல் 25-இலேயே இல்லை. பெருந்தொடருக்குள் எட்டாம் தர வரிசையில்தான் நுழைந்தது. நுழைந்தபின் கன்சாஸ் ஸ்டேட்டை 56-49 என வென்றது. அதுவரை 35 ஆட்டமும் வென்று வந்த விச்சிட்டா ஸ்டேட்டை 78-76 என வீழ்த்தியது. லூயிவில்லை 74-69. மிஷிகனை 75-72; இந்த ஆட்டத்தில் அணியின் நடுவாட்டக்காரர் காலி-ஸ்டைன் கணுக்கால் அடிபட்டு உட்கார்ந்துவிட, சீசனில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மார்கஸ் லீ வந்து தவறிய பந்துகளை வளையத்துக்கு மேலேயே பறித்து உள்ளே போட்டார். ஆரன் ஹாரிசன் லூயிவில்லோடும் மிஷிகனோடும் கடைசி நிமிடத்தில் மூன்று புள்ளிப் பந்துகளைப் போட்டார். தொங்கும் தோளோடுதான் போட்டார். அரையிறுதியும் இறுதியும், டிசம்பரில் பேய்லரிடம் தோற்ற அதே ஆர்லிங்டன் அரங்கில்.

முல்லையார் “சொன்னோமே” என்றனர். மந்திர முல்லையார் “திருகாணி” என்றனர். மருதத்தார் தம் வசவுதான் தலைவனைத் திருத்தியது என்றனர். எல்லாரும் சொன்னது பலித்தது. யாருமே இப்படி நடந்தால் என் கூற்று தவறு என்று முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை அல்லவா.

எஞ்சியது புறனடை. எந்தத் திணையிலும் அடங்காத ஒருவர் ஒவ்வொரு வரிசையிலும் ஓர் இருக்கையில் இருப்பார். கத்த மாட்டார். ஃப்ரீ த்ரோவை எண்ணுவார். பதினைந்து அடி தூரம், முன்னால் கை நீட்டி மறைப்பார் இல்லை, ஓடிவந்து மூச்சிரைக்கத் தேவையில்லை. இளமை, அனுபவம், உடல்மொழி, மாற்றம் எதுவும் குறுக்கே வராத ஒரே எறிதல். இவர் பேச்சு சுவையற்றது என்பதால் வானொலியும் இவரை அழைப்பதில்லை, பாயிரமும் இவரைப் பாடுவதில்லை. நவம்பரில் மிஷிகன் ஸ்டேட்டோடு கென்டக்கி 36 எறிந்து 20 போட்டதை இவர் குறித்து வைத்தார். தவறியவை 16, தோற்றது 4 புள்ளியில். இதைச் சொன்னபோது “பசங்க சின்னப் பசங்க” என்றார்கள்.

அரையிறுதியில் இவர் கலை எதிரணிப் பக்கம் வேலை செய்தது. விஸ்கான்சின் 20 எறிந்து 19 போட்டது. தவறிய அந்த ஒன்று, கடைசி 16 நொடியில் டிரேவான் ஜாக்சன் மூன்று எறிதலுக்கு நின்றபோது போனது. 5.7 நொடி இருக்க ஆரன் மறுபடி மூன்று புள்ளி போட்டார். கென்டக்கி 74, விஸ்கான்சின் 73.

ஏப்ரல் 7, இறுதியாட்டம். ரேண்டில், யங், ஜான்சன், ஹாரிசன் இருவர் என ஐவரும் முதலாண்டுக்காரர்களாகவே களமிறங்கினர். எதிரணி கனெடிகட். அது சீசனின் நாற்பதாவது ஆட்டம். சட்டையில் அச்சிட்ட எண்ணிக்கை மட்டும் சரியாக வந்தது. கனெடிகட் 10 ஃப்ரீ த்ரோ எறிந்து 10-ஐயும் போட்டது. கென்டக்கி 24 எறிந்து 13 போட்டது. 60-54 எனத் தோற்றது.