ஏன், மார்க் நல்லாத்தானே வந்திருக்கு?

என் அக்காவின் பேத்தி பத்தாம் வகுப்பில் 625-க்கு 611 வாங்கினாள். (கர்நாடகத்தில் முதல் மொழிக்கு மட்டும் 125 மார்க். அதனால்தான் இந்த வில்லங்கமான கூட்டுத்தொகை.) மைசூரில் அக்கா வீட்டில் அன்று மைசூர்பாகு கிளறினார்கள். மறுநாள் காலை அவள் பல் துலக்கிக்கொண்டே, "நான் ஆர்ட்ஸ் எடுக்கப்போறேன்" என்றாள். மிச்சமிருந்த மைசூர்பாகை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லையாம்.

திருச்சியில் எனக்குப் போன் வந்தது. "நீதான் அவ மனசைக் கெடுத்தே. நீயே வந்து சரி பண்ணிக் குடு" என்றாள் அக்கா.

நான் கெடுத்தது இவ்வளவுதான்: கோடை விடுமுறைதோறும் பேத்திக்குக் கதை சொன்னேன். ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியாருக்கு வேறென்ன தெரியும்? அத்தான் மெக்கானிக்கல் இன்ஜினீயர். அவர் சித்தாந்தம் எளிமையானது. சயின்ஸ் படிக்க மூளை வேண்டும். ஆர்ட்ஸ் படிக்க நேரம் இருந்தால் போதும். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து இதைச் சொல்லி வருகிறார். என்னைப் பார்க்கும்போது கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்.

நான் போய் இறங்கியபோது வீடு துக்க வீடு மாதிரி இருந்தது. எதிர்வீட்டு அம்மா, மாடி வீட்டுக்காரர், பால் கொண்டுவருகிறவர் என்று ஒவ்வொருவராக விசாரித்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "ஆர்ட்ஸா? ஏன், மார்க் நல்லாத்தானே வந்திருக்கு?"

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் பிளஸ் ஒன் சேரப் போனபோது ஆசிரியர் என் மார்க் ஷீட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தபடியே "ஹிஸ்டரி குரூப்" என்று எழுதினார். எனக்கு வரலாறு பிடிக்கும், நானே அதைக் கேட்கத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "கவலைப்படாதேப்பா, பேங்க் பரீட்சை எழுதலாம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டார். ஆசைப்பட்டுச் சேர்ந்தவன் என்பதை இன்றுவரை யாரும் நம்பியதில்லை. முதல் குரூப்பில் இடம் கிடைக்காதவன் என்றே ஊர்க் கணக்கில் இருக்கிறேன்.

"வெளியே கூட்டிட்டுப் போய் ரெண்டு பேரும் பேசிப் பாருங்க" என்றாள் அக்கா. ஸ்ரீரங்கப்பட்டணம் 15 கிலோமீட்டர்தான். அத்தான் வண்டியை எடுத்தார்.

ஊருக்குள்ளேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. மைசூரில் மகாராஜா கல்லூரியும் யுவராஜா கல்லூரியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. முன்னது ஆர்ட்ஸ், பின்னது சயின்ஸ். "பாருங்க அத்தான், கலைக்கு மகாராஜா பெயர். விஞ்ஞானத்துக்கு இளவரசர்தான். இன்னும் பட்டத்துக்கு வரலை" என்றேன். அத்தான் கியரை மாற்றிய சத்தத்தில் பதில் இருந்தது.

அந்த மகாராஜா கல்லூரியில்தான் 1918-லிருந்து மூன்று ஆண்டு ராதாகிருஷ்ணன் தத்துவம் நடத்தினார். கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது மாணவர்கள் குதிரையை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாங்களே ஸ்டேஷன் வரை இழுத்துப் போனார்கள். அவர் தத்துவம் எடுத்த கதை அதைவிட ருசி. சொந்தக்காரப் பையன் ஒருவன் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் சும்மா கிடைத்தன, அதனால் தத்துவம். இதைச் சொன்னதும் அத்தான், "பார்த்தியா! மூளையைப் பார்த்து எடுக்கலை, பழைய புத்தகத்தைப் பார்த்து எடுத்தார்" என்றார். நம் ஊரில் பாதிப் பேர் இன்ஜினீயரிங் எடுத்ததே அண்ணன் வாங்கிவைத்த டிராஃப்டரை வீணாக்கக் கூடாது என்றுதான் என்றேன். அத்தானுக்கு ஓர் அண்ணன் உண்டு. கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை.

தரியா தௌலத் மாளிகைக்குப் போனோம். 1784-ல் திப்பு கட்டிய கோடைக்கால மாளிகை, தேக்குத் தூண்கள். மேற்குச் சுவரில் பொள்ளிலூர்ப் போர். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையைத் துவம்சம் செய்த சண்டை. சதுரமாக அணிவகுத்த சிவப்புச் சட்டைக்காரர்கள், நடுவில் பல்லக்கில் அடிபட்ட பெய்லி, வெடித்துச் சிதறும் மருந்து வண்டி. சுற்றிலும் குதிரைகள், யானைகள், எங்கோ ஒரு மூலையில் ஒரு தலை தனியாக.

அத்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பெர்ஸ்பெக்டிவ் தப்பு. பின்னால இருக்கிற குதிரை முன்னால இருக்கிறதைவிடப் பெரிசா இருக்கு" என்றார். நான், 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு இங்கே குடியிருந்த ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி இந்தப் படத்தைப் புதுப்பிக்கச் சொன்னதையும், பின்னால் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி மறுபடி தீட்டச் சொன்னதையும் விவரித்தேன். தங்கள் ஆள் தோற்ற சண்டையைக் காசு செலவழித்துப் பளிச்சென்று வைத்துக்கொண்ட மனிதர்கள்! பேத்தி மூக்கைச் சுவர்ப்பக்கம் நீட்டி வெகுநேரம் நின்றாள். பிறகு, "எல்லாருக்கும் ஒரே மூஞ்சி. இத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூடப் பயமா இல்லையே, ஏன்?" என்றாள். இன்ஜினீயருக்கும் வாத்தியாருக்கும் பதில் தெரியவில்லை.

ராக்கெட்டில் வந்து மாட்டினோம். மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் பொள்ளிலூரிலேயே புகழ் பெற்றவை. அத்தான் விளக்கினார், ஒப்புக்கொள்கிறேன், அழகாக விளக்கினார். அன்றைக்கு மற்ற நாடுகளில் ராக்கெட் என்றால் அட்டைக் குழாய். மருந்தை ரொம்ப இறுக்கி அடைத்தால் குழாயே கிழிந்துவிடும். இங்கே இரும்புக் குழாய். உள்ளே அழுத்தம் ஏற ஏறத் தாங்கும். வெளியேறும் புகை பலமாகத் தள்ளும். ஒரு கிலோமீட்டர் தாண்டிப் போய் விழும். கூடவே நீளமான மூங்கில் கழி, வால் மாதிரி, திசை தவறாமல் இருக்க. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் குடையையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். புல்வெளியில் சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் எழுந்து வந்து கேட்டது.

"இதைப் பார்த்துத்தான் இங்கிலாந்துல காங்கிரீவ் ராக்கெட் செஞ்சான். காங்கிரீவ் யாரு? இன்ஜினீயர்!" என்று முடித்தார். சுண்டல் குடும்பம் தலையாட்டியது.

இந்த ஒரு நிமிடத்துக்காக நான் முப்பது வருஷம் காத்திருந்தேன்.

"அத்தான், வில்லியம் காங்கிரீவ் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் 1793-ல் பி.ஏ. வாங்கினவர். படிச்சது சட்டம். அப்புறம் லண்டன்ல ஒரு அரசியல் பத்திரிகை நடத்தினார். 1804-ல் அவதூறு வழக்குல நல்லா அடி வாங்கிப் பத்திரிகையைக் கைகழுவினார். அடுத்து என்ன செய்யலாம்னு பார்த்தப்பதான் ராக்கெட்."

அத்தான் போனை எடுத்தார். தேடினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். பிறகு முகம் மலர்ந்தது. "அவங்கப்பா ராணுவ ஆயுதச்சாலையில பெரிய அதிகாரி! எல்லாம் அப்பா சிபாரிசு!"

சிபாரிசுக்கு எந்த குரூப்பும் வேண்டாம் என்பதில் இருவரும் ஒத்துப்போனோம்.

விட்டுவிட்டிருக்கலாம். நான் விடவில்லை. 1814-ல் பால்டிமோர் கோட்டைமேல் பிரிட்டிஷார் விட்ட காங்கிரீவ் ராக்கெட்டின் சிவப்பு வெளிச்சம் அமெரிக்க தேசிய கீதத்திலேயே இருக்கிறது, எழுதியவர் ஒரு வக்கீல், அவரும் நம்ம குரூப் என்றேன். அத்தான் அணுகுண்டை எடுத்தார்: அப்துல் கலாம். நாசாவின் வாலப்ஸ் தளத்தில் இந்த மைசூர் ராக்கெட் சண்டையின் படம் மாட்டியிருந்ததைக் கண்டு நெகிழ்ந்ததாக 'அக்னிச் சிறகுக'ளில் அவர் எழுதியிருக்கிறார். கலாமை எதிர்த்து நம் நாட்டில் யாரும் பேச முடியாது. நான் மெதுவாக, "அங்கே மாட்டியிருந்தது என்ன அத்தான்? ஓவியம்தானே?" என்று மட்டும் கேட்டேன்.

சுண்டல் குடும்பம் கலைந்து போனது.

பெய்லி சிறையில் அதிக நேரம் நிற்கவில்லை. வளைவு வளைவான கூரை, கைதிகளைக் கட்டிவைக்கச் சுவரில் துளையிட்ட கற்கள், நடுவில் ஒரு பீரங்கி. 1799 முற்றுகையில் கூரையைப் பிய்த்துக்கொண்டு இந்த பீரங்கி உள்ளே விழுந்தது என்றார் வழிகாட்டி. அத்தான் பீரங்கியை ஜாண் போட்டு அளந்து, எடையை உத்தேசித்து, கூரைக்கனத்தை விசாரித்து, விழுந்திருந்தால் தரை என்ன ஆகியிருக்கும் என்று கணக்கில் இறங்கினார். வழிகாட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், விழுந்தது விழுந்ததுதான். ரிட்டன் அனுப்ப முடியாது" என்றார். கலைக்கல்லூரி ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

காபி குடிக்க உட்கார்ந்தோம். காபி ஆறுவதைக் காட்டி அத்தான், "வெப்ப இயக்கவியல் ரெண்டாம் விதி. இது தெரியுமா உனக்கு?" என்றார். 1959-ல் கேம்பிரிட்ஜில் சி.பி. ஸ்னோ இலக்கியக்காரர்களைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வி. ஸ்னோ விஞ்ஞானமும் படித்து நாவலும் எழுதியவர் என்பதால் இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடலாம். நான் விதியை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தேன்.

"சர் சி.வி. ராமன் என்ன படிச்சார்?"

"பிசிக்ஸ்."

"டிகிரி?"

அத்தான் காபியை ஆற்றினார். ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் வாங்கியது பி.ஏ.; 1907-ல் எம்.ஏ. ராமானுஜனுக்குக் கேம்பிரிட்ஜ் 1916-ல் கொடுத்ததும் பி.ஏ.தான்.

"அந்தக் காலத்துல எல்லாமே பி.ஏ.தான்பா!"

"அதைத்தான் அத்தான் நானும் சொல்றேன்."

"ராமானுஜன் எஃப்.ஏ.வில ஏன் தோத்தார்? கணக்குல புலி. மத்ததெல்லாம் உன்னோட உருப்போடற பாடம்!"

"அதுல உடற்செயலியலும் உண்டு. அது சயின்ஸ். மனப்பாடம் வரலைன்னுதான் கணித மேதையை வீட்டுக்கு அனுப்பினாங்க. இன்னொண்ணு, எஃப்.ஏ.ன்னா என்னன்னு தெரியுமா? ஃபர்ஸ்ட் ஆர்ட்ஸ்!"

பக்கத்து மேஜைக்காரர் தோசையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பேத்தி போனில் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பெற்றவர்கள் அவள் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்துவிட்ட மாதிரியான பொறுமை அவள் முகத்தில்.

அவள்தான் அத்தானுக்கு ஒரு பாயிண்ட் வாங்கிக் கொடுத்தாள், நான் சொன்ன கதையை வைத்தே. 1799-ல் ஒருநாள் இரவு ஆங்கிலேய ஜெனரல் பேர்டு படையை நடத்திப் போகும்போது, லாம்டன் என்ற அதிகாரி நட்சத்திரங்களைப் பார்த்து, நாம் வடக்கே போகவில்லை, தெற்கே, திப்புவின் பக்கமே போய்க்கொண்டிருக்கிறோம் என்று கண்டுபிடித்துச் சொன்னார். பின்னால் 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு போட்டு இந்தியாவையே அளக்கத் தொடங்கியவர் அவர்தான். "இப்ப என்ன சொல்றே? நட்சத்திரம் தெரியலைன்னா ஜெனரல் நேரே போய் மாட்டியிருப்பார்!" என்று அத்தான் குதித்தார். அதே லாம்டன் 1808-ல் அரை டன் தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றப் போய்க் கயிறு அறுந்து நொறுக்கிக்கொண்டதை நான் சொல்லவில்லை. ஆறு வாரம் உட்கார்ந்து அவரே அதைச் சரிசெய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அது இரண்டாவது பாயிண்ட் ஆகிவிடும்.

கடைசியாக, கஞ்சாம் நிமிஷாம்பா கோயில். வேண்டினால் ஒரு நிமிஷத்தில் பலிக்கும் என்பது நம்பிக்கை. மாணவர் கூட்டம் ஜாஸ்தி, ரிசல்ட் சீசன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே, "தாயே, எங்க குழந்தைக்கு நல்ல புத்தியைக் குடு" என்றார். 611 வாங்கியவளுக்குப் புத்தி வேண்டுமாம். தமிழில் 'நல்ல புத்தி' என்றால் மூளை இல்லை, பெரியவர்கள் சொன்னபடி கேட்பது. இந்த வித்தியாசம் எந்த குரூப்பிலும் பாடமாக இல்லை. பேத்தியும் கண்ணை மூடிக்கொண்டு, "தாத்தாவுக்கும்" என்றாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு பேரும் அப்படியேதான் இருந்தார்கள். அப்புறம் ஆற்றங்கரைக்குப் போய் மாங்காய்க் கீற்று தின்றோம்.

அன்று இரவு பி.யூ.சி. (கர்நாடகத்தின் பிளஸ் டூ) விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பேத்தி வந்தாள். அத்தான் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார்.

"ஹெச்.இ.பி.எஸ்.ஸா? என்னடி இது, ஹெபடைடிஸ் மாதிரி இருக்கு?"

"ஹிஸ்டரி, எகனாமிக்ஸ், பொலிட்டிகல் சயின்ஸ், சோஷியாலஜி, தாத்தா."

அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. "என்ன சொன்னே? பொலிட்டிகல்...?"

"சயின்ஸ்."

அத்தான் என்னை ஒருமுறை பார்த்தார். பேனாவை உதறி எழுதிப்பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை நான் ஊருக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டு அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "முடிவு ஆயிடுச்சா? என்ன குரூப்?" என்று நிமிராமலேயே கேட்டார்.

"ஐ.ஏ.எஸ்." என்றார் அத்தான்.