ஆறு தொப்பியும் ஒரு சாரனும்

மருதமுனைக் கைத்தறிச் சாரனுக்குப் புது வடிவம் தேட இப்போது நெசவாளி போதாதாம். குழு வேண்டும், பட்டறை வேண்டும், எட்வர்ட் டி போனோ 1985இல் தந்த ஆறு சிந்தனைத் தொப்பிகளும் வேண்டும். வெள்ளை போட்டால் எல்லோரும் தகவல் மட்டும் பேசலாம். கறுப்பென்றால் குறை மட்டும். வெள்ளைத் தொப்பிக்கு இந்தக் கிழக்குக் கரையில் பஞ்சமில்லை, தகவலுக்குத்தான். சாகாமத்துத் தேத்தண்ணிக் கடையிலோ கறுப்பை யாரும் கழற்றுவதே இல்லை.

1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தே பார்த்துவிட்டார்கள்: நால்வர் கூடியிருந்து கொட்டிய யோசனைகளைவிட, நால்வர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்தால் ஏறக்குறைய இருமடங்கு. தறியில் தனியே குந்தியிருக்கும் காக்காவுக்கு இது புதினமில்லை. ஆனாலும் பட்டறைக்கு அழைத்துப் பாருங்கள், மறுக்கமாட்டார். ஒரே கேள்விதான்: “பகல் சாப்பாடு கோழியா, மாடா தம்பி?”