தாமோதருக்குத் தபால்தலை

பிம்ப்ரியில் ஷேர் ஆட்டோ பிடித்து சிஞ்ச்வட்காவ் பக்கம் போனால் சாபேகர் சௌக்கில் கொஞ்ச நேரம் மாட்டிக்கொள்ளாமல் வண்டி நகராது. மாட்டிய நேரத்தில் சிலைகளைப் பார்ப்பேன். மூன்று அண்ணன் தம்பிகள், மூவரும் தூக்கில் தொங்கியவர்கள். கீழே டிராஃபிக் போலீஸ்காரர் ஹெல்மெட் போடாத ஒரு பையனின் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டிருப்பார். அவர் தலைக்கு மேலே, அரசாங்க அதிகாரியைச் சுட்டுக் கொன்றவர்கள் மாலையும் கழுத்துமாக நிற்பார்கள். இரு தரப்புக்கும் ஒரு சங்கடமும் இல்லை. செத்துப் போன சதிகாரனைப் போல அரசாங்கத்துக்குப் பிடித்த பிரஜை வேறு யார்?

கதை தெரிந்ததுதான். 1897இல் புனேயில் பிளேக். தடுப்புப் பணிக்கு வந்த ராண்ட் துரை, வீடு வீடாகச் சோதனை போடப் பட்டாளத்தை அனுப்பினார். அடுக்களை, பூஜையறை எதுவும் மிஞ்சவில்லை. ஜூன் 22, விக்டோரியா மகாராணியின் வைர விழா விருந்து முடிந்து கணேஷ்கிண்ட் சாலையில் திரும்பும்போது ராண்டும் அயர்ஸ்ட் என்ற ராணுவ அதிகாரியும் சுடப்பட்டார்கள். சாபேகர்கள் ஒன்றும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத் தகுந்த சமத்துவவாதிகள் அல்ல. சீர்திருத்தக்காரர்களைக் கண்டால் ஆகாத கடும் வைதீகர்கள். ஆனால் சுட்டார்கள், தொங்கினார்கள். தாமோதர் 1898 ஏப்ரல் 18இல், எரவாடா சிறையில். தம்பிகள் வாசுதேவும் பாலகிருஷ்ணனும், நண்பர் மகாதேவ் ரானடேவும் அடுத்த ஆண்டு மே மாதத்தில், ஒரே வாரத்துக்குள்.

சுட்டவனை விடுங்கள். சுடாதவனை என்ன செய்வது என்பதில்தான் சர்க்காரின் மூளை வேலை செய்தது. திலகர் ‘கேசரி’யில் எழுதினார், ஒரு வாரத்தில் துப்பாக்கி வெடித்தது, ஆகவே பேனாவுக்கும் துப்பாக்கிக்கும் கள்ள உறவு. கொலையில் அவரைக் கோக்க முடியவில்லை. பரவாயில்லை, ராஜ துரோகம் இருக்கிறதே! நீதிபதி ஸ்ட்ரேச்சி விளக்கம் சொன்னார்: அரசின் மீது அன்பு இல்லாதிருப்பதே அதிருப்தி. ஆக, மாமியார் மீது அன்பில்லாதவன் வீட்டில் தூங்கலாம், மகாராணி மீது அன்பில்லாதவன் ஜெயிலில் தூங்க வேண்டும். திலகருக்குப் பதினெட்டு மாதம். ‘நாட்டு’ என்ற குடும்பப் பெயர் கொண்ட சகோதரர்கள் இருவருக்கு இந்த விளக்கம்கூடக் கிடைக்கவில்லை. 1827ஆம் வருஷத்து ஒழுங்குவிதி ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, விசாரணையே இல்லாமல் உள்ளே வைத்தார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய கண்டுபிடிப்பு 1870இல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 121அ. அரசுக்கு எதிரான சதி. அதன் அழகே அதற்குக் கொடுத்த விளக்கத்தில்தான்: சதி நிரூபணமாக, அதன்படி எந்தக் காரியமும் நடந்திருக்க வேண்டியதில்லை. திருட்டுக்குப் பொருள் தொலைய வேண்டும், கொலைக்குப் பிணம் விழ வேண்டும். சதிக்கு இரண்டு பேர் பேசினால் போதும். இட்லிக்கு மாவு வேண்டாம், அடுப்பு வேண்டாம், ‘இட்லி’ என்று சொன்னாலே பில் வந்துவிடும்.

இந்த வசதி எங்கள் திருநெல்வேலிக்கும் வந்தது. 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சி கலெக்டர் ஆஷைச் சுட்டான், அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டான். சுட்டவன் செத்தாயிற்று. அதற்காக வழக்கு அநாதையாகிவிடலாமா? பதினான்கு பேரைப் பிடித்து நிறுத்தினார்கள். மணியாச்சிப் பக்கமே இல்லாத நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு ஆண்டு கடுங்காவல்.

1929இல் மீரட் சதி வழக்கு வந்தபோது துப்பாக்கியே தேவைப்படவில்லை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் சங்கம் வைத்த தொழிற்சங்கக்காரர்களை மீரட்டுக்கு அள்ளிப் போனார்கள். ஏன் மீரட்? அங்கே ஜூரி கிடையாது. குற்றம்: சக்கரவர்த்தியிடமிருந்து இந்தியாவின் இறையாண்மையைப் பறிக்கப் பார்த்தார்கள். என்னவோ அவர் சட்டைப் பையில் வைத்திருந்ததைப் போல! வழக்கு கிட்டத்தட்ட நான்கு வருஷம் இழுத்தது. புனேக்காரரான தெங்டி என்ற வயதான தொழிற்சங்கத் தலைவர் தீர்ப்பு வருவதற்குள் செத்துப் போனார். அவரைப் பொறுத்தவரை விசாரணைதான் தண்டனை.

தெங்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவார்.

2018 ஜனவரி 1, பீமா கோரேகாவில் கூடிய தலித் மக்கள் மீது வன்முறை. மறுநாளே ஒரு புகார் பதிவானது, அதுவும் எங்கள் பிம்ப்ரி போலீஸ் ஸ்டேஷனில். அதில் இருந்தது இந்துத்துவத் தலைவர்கள் இருவரின் பெயர். ஒருவர் ஒரு மாதம் போல உள்ளே இருந்து ஜாமீனில் வந்தார், மற்றவர் கைதாகவே இல்லை. பிம்ப்ரிப் புகாருக்குக் கால் வலி போலிருக்கிறது, அதற்குமேல் நடக்கவில்லை. ஒரு வாரம் கழித்து புனே விஷ்ராம்பாகில் பதிவான இன்னொரு புகாருக்கோ சிறகு முளைத்தது. அது டெல்லி போனது, நாக்பூர் போனது, ஹைதராபாத் போனது, ராஞ்சி போனது. வழக்கறிஞர், பேராசிரியர், கவிஞர், பாதிரியார் என்று பதினாறு பேரைக் கொத்திக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரன் பாவம், அடுத்தவன் கடிதத்தை ஆவி காட்டித்தான் பிரித்துப் படித்தான். இன்றைய போலீஸுக்குச் சதிக் கடிதங்கள் கைதானவர்களின் மடிக்கணினியிலேயே கிடைத்தன. அவை வெளியிலிருந்து திணிக்கப்பட்டவை என்று ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2021இல் அறிக்கை கொடுத்தது. தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ) அதை ஏற்கவில்லை. ஐந்து வருஷம் கடந்தும் குற்றச்சாட்டு வனையப்படவில்லை. மீரட் துரைமார்கள் கல்லறையில் வெட்கப்பட்டிருப்பார்கள்: நாலே வருஷத்தில் தீர்ப்பு வரை அவசரப்பட்டுவிட்டோமே!

தேதிகளைப் பாருங்கள். 2018 ஜூன் 6, முதல் ஐவர் கைது. அடைத்த இடம் எரவாடா. ஒரு மாதம் கழித்து ஜூலையில், அதே புனேயில், குடியரசுத் துணைத்தலைவர் கையால் தாமோதர் சாபேகருக்குத் தபால்தலை. நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் தாமோதர் தொங்கிய சிறையில் புது ‘சதிகாரர்கள்’ களியைப் பிசைந்துகொண்டிருக்க, வெளியே பழைய சதிகாரருக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பதினாறு பேரில் பாதிரியார் ஸ்டேன் சுவாமி எங்கள் தமிழ்நாட்டு மனிதர், திருச்சி மாவட்டம் விரகாலூர். ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு ஆயுளைக் கழித்தவர். எண்பத்து மூன்று வயதில், 2020 அக்டோபரில் கைது. பார்க்கின்சன் நோயில் கை நடுங்கும், டம்ளரைத் தூக்கினால் தண்ணீர் நெஞ்சில் கொட்டும். உறிஞ்சிக் குடிக்க ஒரு ஸ்ட்ரா, ஒரு சிப்பர் குவளை வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட்டார். என்ஐஏ பதில் சொல்ல இருபது நாள் எடுத்துக்கொண்டது. வந்த பதில்: அப்படி எதையும் நாங்கள் எடுத்து வைக்கவில்லை. இளநீர்க் கடையில் ஓசிக்குக் கொடுக்கும் ஸ்ட்ராவைத் தேட, நாட்டின் தலைசிறந்த புலனாய்வு அமைப்புக்கு இருபது நாள்! 2021 ஜூலை 5, உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனு நிலுவையில் இருக்க, ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போனது. தெங்டி வந்து போனார்.

காலனியச் சட்டங்களைத் தூக்கி எறிந்துவிட்டோம் என்று 2024 ஜூலை 1ஆம் தேதி தண்டோரா போட்டார்கள். தண்டனைச் சட்டம் செத்தது, பாரதிய நியாய சன்ஹிதா பிறந்தது. 121அ-வுக்கு 148 என்று நம்பர் மாறியது. காரியம் நடந்திருக்க வேண்டியதில்லை என்ற விளக்கம் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. ராஜ துரோகம் 152ஆம் பிரிவில் வேறு பெயரில் ஒளிந்துகொண்டது. முன்பு ஆயுள் தண்டனை இல்லையென்றால் மூன்று வருஷம், இப்போது ஏழு. வாடகை வீட்டைக் காலி செய்த வெள்ளைக்காரன் விட்டுப்போன சவுக்குக்குப் புதுப் பிடி போட்டு, சுதேசிச் சவுக்கு என்று பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

என்னிடம் தாமோதர் தபால்தலை ஒன்று இருக்கிறது. ஊரில் மாமாவுக்கு அதை ஒட்டி ஒரு கடிதம் போடலாம் என்று உட்கார்ந்தேன். ‘மாமா, இங்கே எல்லோரும் நலம். அங்கே மழை உண்டா? தம்பி சாமானைக் கொண்டுவந்து சேர்த்தானா? பொங்கலுக்கு எல்லோரும் கூடிப் பேசி முடிவு பண்ணுவோம்.’ எழுதி முடித்து ஒருமுறை படித்தேன். மாமா யார்? சாமான் எது? பொங்கலுக்குக் கூடி என்ன முடிவு? மழை என்றால்? வேர்த்துவிட்டது. நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். பிறகுதான் உறைத்தது, தடயத்தை அழித்ததற்குத் தனிப் பிரிவு இருக்கிறதே.