மொட்டைமாடிக் கராத்தேயில் பாட்டு: ஒரு தாள ஆராய்ச்சி

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறையைக் கருப்பொருளாக வைத்தார். பின்வந்தோர் குறிஞ்சிக்குத் தொண்டகம், நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று பங்கிட்டுக் கொடுத்தார்கள். மொட்டைமாடி என்னும் நிலம் அப்போது கண்டுபிடிக்கப்படாததால் அதற்குரிய கருவி விடுபட்டுப்போயிற்று. அது புளூடூத் ஸ்பீக்கர் எனக் கொள்க. இந்நிலத்துக்குப் பொழுது, காலை ஆறு மணி. மக்கள், மாஸ்டரும் வெள்ளை பெல்ட்டுகளும். நீர், சிமென்ட் தொட்டியில் நிரம்பி வழிவது. உரிப்பொருள், கீழ்வீட்டுக்காரரின் ஊடல். இது மருதத்திலிருந்து இரவல்.

கராத்தே வகுப்பில் பாட்டுப் போடலாமா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். மறுப்போர் கட்சியை முதலில் சொல்லிவிடுவது முறை. “இது தவம் மாதிரி. தவத்துக்கு எதுக்குப்பா அனிருத்?” என்பது மூத்த கருப்பு பெல்ட்டுகளின் வாதம். கேரளத்துக் களரியில் குருக்கள் வாய்த்தாரி சொல்வார், சீடர் அதன்படி மெய் அசைப்பார், வேறு ஒலிக்கு இடமில்லை என்று அவர்கள் சான்றும் காட்டுவார்கள். நல்ல சான்றுதான், ஆனால் அவர்களுக்கே எதிரானது. வாய்த்தாரியும் தாளம்தான். நம் மாஸ்டர் “இச், நி, ஸான், ஷி” என்று ஜப்பானியத்தில் எண்ணுவதும் தாளம்தான். நடுவில் அவருக்கு இருமல் வந்தால், இருபது பேரின் முஷ்டியும் ஆறுக்கும் ஏழுக்கும் இடையே அந்தரத்தில் நிற்கும்.

இசை இல்லாவிட்டால் போர்க்கலைக்கு என்ன நேரும் என்பதற்குப் புறநானூற்றின் 50ஆம் பாட்டைவிடப் பழைய ஆவணம் இவ்வாய்வுக்குத் தேவையில்லை. முரசு நீராடப் போயிருந்த வேளையில் காலியாக இருந்த முரசுகட்டிலில் மோசிகீரனார் படுத்துத் தூங்கிவிட்டார். பெருஞ்சேரல் இரும்பொறை அவரை வெட்டாமல் விசிறிவிட்டான். அறிஞர்கள் இதில் மன்னனின் தமிழ்ப்பற்றைக் காண்கிறார்கள். நமக்குத் தெரிவது வேறு: முரசு அகன்றது, தூக்கம் வந்தது. காரணகாரியம் இதைவிடத் தெளிவாக அமைவது அரிது.

வெளிநாட்டுச் சான்றுகளுக்கும் குறைவில்லை. தாய்லாந்தின் முவாய் தாய் மேடையருகே ஒரு சிறு குழு உட்கார்ந்திருக்கும்: நம் நாகசுரத்துக்கு உறவு சொல்லக்கூடிய ஒரு சீவாளிக் குழல், இரண்டு மத்தளம், ஒரு ஜோடி ஜால்ரா. வாய் க்ரூ என்னும் குரு வணக்கத்தின்போது இசை மெல்ல நகரும். சண்டை தொடங்கி ஐந்து சுற்றுகள் ஏற ஏற, அதுவும் ஏறும். பிரேசிலின் கப்போய்ராவில் பெரிம்பாவு என்ற ஒற்றைக் கம்பி வில், அதன் அடியில் ஒரு சுரைக்குடுக்கை; நம் வில்லுப்பாட்டுக்காரர் பார்த்தால் பங்காளி என்று கட்டிக்கொள்வார். 1890இல் அந்நாட்டுச் சட்டம் கப்போய்ராவைக் குற்றமாக்கியபின், குதிரைப் போலீஸ் வருவதை ஆடுவோருக்கு எச்சரிக்கத் தனியாக ஒரு தாளமே இருந்ததாகச் சொல்வார்கள். மெஸ்த்ரே பிம்பா சால்வடாரில் 1932இல் பள்ளி தொடங்கி, 1937இல் அரசு அங்கீகாரமும் வாங்கியபிறகும் வில் மட்டும் ஓயவில்லை. மேற்கு ஜாவாவின் பென்சாக் சிலாட்டில் கெண்டாங் மேளக்காரர், ஆடுபவரின் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு அடி கொடுப்பார். நம் ஊர்த் திருவிழாவில் சிலம்பக்காரர் கம்பு சுழற்றும்போது பறை செய்வதும் இதுவே.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒரு பொது இலக்கணம் கிடைக்கிறது. போர்க்கலைக்குரிய கருவிகள் இரு வகைப்படும்: கண்ணுள்ளவை, கண்ணில்லாதவை. பறைக்காரருக்குக் கண் உண்டு. கம்பு நழுவப்போவது தெரிந்தால் அடியைச் சற்று இழுத்துப் பிடித்து, ஆளின் மானத்தைக் காப்பாற்றுவார். பாங்காக்கில் குழல் ஊதுபவருக்கும் பாஹியாவில் வில் மீட்டுபவருக்கும் கண் உண்டு. ஆட்டம் எல்லை மீறினால் வில்லே இரண்டு பேரையும் திருப்பி அழைத்துவிடும். நம் ஸ்பீக்கருக்குக் கண்ணே கிடையாது. ஆறாம் வகுப்புப் பையன் கிக் அடிக்கத் தூக்கிய காலோடு தள்ளாடினாலும், அது தன்பாட்டுக்கு இரண்டாம் சரணத்துக்குப் போய்விடும்.

கண்ணில்லாத இசையால் பயனே இல்லையா எனின், உண்டு. நியூயார்க்கில் நடந்த ஆறுநாள் சைக்கிள் பந்தயத்தைக் கவனித்து லெனர்ட் ஏர்ஸ் என்பவர் 1911இல் எழுதினார்: பேண்டு வாசித்தபோது வீரர்களின் சராசரி வேகம் மணிக்கு 19.6 மைல், வாசிக்காதபோது 17.9. கணக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் சைக்கிள்காரரை எதிரே வந்து யாரும் உதைக்கவில்லை.

குமித்தேவில், அதாவது ஆளோடு ஆள் மோதும் பயிற்சியில், பாட்டின் தாளத்துக்கே குத்துபவரை வீழ்த்த எதிரிக்குத் திறமை வேண்டாம், காது இருந்தால் போதும். அடுத்த குத்து எப்போது வரும் என்று ஸ்பீக்கரே சொல்லிவிடும். புரூஸ் லீ தாளத்தை முறித்து அடிக்கச் சொன்னது இதற்காகத்தான். அவர் 1958இல் ஹாங்காங்கின் சா-சா நடனப் போட்டியில் பட்டம் வென்றவர் என்பதை இங்கே நினைவில் வைக்கவேண்டும். முறிப்பதற்குமுன் அவரிடம் தாளம் இருந்தது. நம் வெள்ளை பெல்ட்டுகள் தாளத்தை முறிப்பது வேறு வகையைச் சேர்ந்தது.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம்: எந்தத் தாளம்? வலக்கை, இடக்கை என்று மாறி மாறிக் குத்துவது அடிப்படைப் பயிற்சி. பாட்டு சதுஸ்ரத்தில், நாலு நாலாகப் போனால், அழுத்தம் விழும் முதல் அடி எப்போதும் வலக்கைக்கே வரும். இடக்கை காலமெல்லாம் பக்கவாத்தியம்தான். திஸ்ரத்தில், அதாவது தெம்மாங்கும் பெரும்பாலான குத்துப்பாட்டும் போகும் மூன்றின் நடையில், முதல் அழுத்தம் வலத்துக்கு, அடுத்தது இடத்துக்கு, மறுபடி வலத்துக்கு. கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது. இவையும் ஒற்றைப்படை என்பதால் இதே நீதியைத் தரும். ஆக ஐந்து ஜாதிகளில் இடக்கையை ஓரவஞ்சனை செய்வது சதுஸ்ரம் ஒன்றே. கீழ்வீட்டார் எதிர்க்கும் அந்தக் குத்துப்பாட்டுதான் உடற்பயிற்சி நோக்கில் சமத்துவமானது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். பயனில்லை.

இன்னொரு சிக்கல், மாஸ்டர் பத்துப் பத்தாக எண்ணுவது. பாட்டோ ஆதி தாளத்தில் எட்டெட்டாகச் சுற்றும். பத்தாவது குத்தில் எல்லோரும் ‘கியாய்’ என்று கத்தவேண்டும். அந்தக் கத்தல் பாட்டின் நடுவில் எங்கோ போய் அநாதையாக விழும். இதற்குத் தீர்வு மிருதங்கக்காரர்களிடம் எப்போதோ இருக்கிறது. சமத்தில் தொடங்காமல் ஒரு அட்சரம் தள்ளி எடுத்தால், நாலு பத்து, ஐந்து ஆவர்த்தனம், நாற்பதாவது குத்தும் கத்தலும் சமத்தில் வந்து விழும். வித்வான்கள் இதைக் கோர்வை என்பார்கள், சபையில் கைதட்டு வாங்குவார்கள். மொட்டைமாடியில் இதைச் செய்து காட்டியபோது பறந்துபோனவை புறாக்கள் மட்டுமே.

சவால் பாட்டுகள் பற்றி ஒரு வரி. ‘அண்ணாமலை’ (1992) படத்தில் பால்காரர் ஒரு பாட்டில் பணக்காரராவார். அதைப் போட்டுப் பயிற்சி கொடுத்தால், பாட்டு முடிந்ததும் அடுத்த பெல்ட் எப்போது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தவிர்க்க.

எஞ்சியது விளம்பரம். இலவசச் செயலியில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வரும் அறிவிப்புகள் எந்த ஜாதியிலும் அடங்கா. எல்லோரும் கிபா டாச்சியில், குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி முழங்கால் மடக்கி நிற்கும்போது நகைக்கடன் விளம்பரம் வரும். பாட்டு தொடங்கும்வரை யாரும் எழக்கூடாது என்பது மாஸ்டரின் விதி. இரண்டு விளம்பரம் சேர்ந்து வந்த நாளில் தொடைகள் நடுங்கியதைப் பார்க்க, கண்ணில்லாத கருவியும் தன்னையறியாமல் நல்ல ஆசானாக முடியும் என்று என் கொள்கையைச் சற்றே திருத்த வேண்டியிருந்தது. இதற்கிடையில் விளம்பரமில்லாத சந்தாவுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் தரப் பெற்றோர்கள் முன்வந்தார்கள். மாஸ்டர் வேண்டாமென்றுவிட்டார்.