ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வினை

காலத்தை வெளிப்படையாகக் காட்டுவது தெரிநிலை வினை. குறிப்பால் உணர்த்துவது குறிப்பு வினை. இது தமிழ் இலக்கணிகளின் பகுப்பு. ஆங்கிலேயரிடம் இந்தப் பகுப்பு இல்லை, குறிப்பு வினை மட்டும் இருக்கிறது. வாசிப்பதைச் சொல்லும் அவர்களது 'ரீட்'தான் அது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

நிகழ்காலத்தில் ரீட், இறந்தகாலத்தில் ரெட். எழுத்தோ இரண்டுக்கும் ஆர், இ, ஏ, டி. படர்க்கை ஒருமை மட்டும் நிகழ்காலத்தில் ஓர் எஸ்ஸை ஒட்டிக்கொண்டு தப்பிவிடுகிறது. தன்மைக்கும் முன்னிலைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

கள ஆய்வுக்கு ஆங்கில வகுப்பே உகந்தது. எழுந்து நின்று பாடம் வாசிக்கும் பையன் 'ஐ' என்று தொடங்குகிறான். அடுத்து இந்தச் சொல். வாய் 'ரீ'க்கும் 'ரெ'க்கும் நடுவே காத்திருக்க, கண் மட்டும் வரிக் கடைசிக்கு ஓடி, அங்கே இருப்பது 'எஸ்டர்டே'யா 'எவ்ரி டே'யா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஆக, இந்தச் சொல்லை வாசிக்க, வாக்கியத்தை முன்பே வாசித்திருக்க வேண்டும். காலச்சொல் எதுவும் இல்லாவிட்டால் வாத்தியார் முகத்தைப் பார்ப்பது மரபு.

பழைய ஆங்கிலத்தில் இதற்கு ஆலோசனை சொல்வது, விடுகதை அவிழ்ப்பது என்றெல்லாம் பொருள் இருந்தது. விடுகதையைக் குறிக்கும் 'ரிடில்' இதன் உடன்பிறப்பு. 978இல் அரியணை ஏறிய எதெல்ரெட் மன்னரின் 'அன்ரெடி' பட்டமும் இதே வேர்தான். தயாராக இல்லாதவர் என்பதல்ல, நல்ல ஆலோசனை வாய்க்காதவர் என்பதே பொருள். பாவம், அதையும் தப்பாகவே வாசிக்கிறார்கள்.

இறந்தகால வடிவில் டகரம் இரட்டித்ததால் முன்னிருந்த நெடில் குறுகியது. நிகழ்கால நெடிலோ, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கில நெடில்கள் கூட்டமாக இடம் மாறத் தொடங்கியபின் 'ஈ' வரை ஏறிப்போனது. எழுத்து அசையவில்லை. இதே வழி வந்த 'லீட்', இறந்தகாலத்தில் ஏ-யைக் கைகழுவி ஒழுங்காக எல், இ, டி ஆனது. ஆனால் ரீட்டைப் பார்த்துப் பழகிய கை அதற்கும் ஓர் ஏ-யைப் போட்டுவிடுகிறது. தலைமை தாங்கினார் என்று எழுதப் போனவர் ஈயம் என்று எழுதிவிடுகிறார். ரீட் ஏன் ஏ-யை விடவில்லை? விட்டால் சிவப்பாகிவிடும். இது எம் துணிபு, மறுப்போர் மறுக்கலாம்.

இங்கிலாந்தில் ரெடிங் என்றொரு நகரம். எழுத்துக்கூட்டலில் அதுவும் 'ரீடிங்'தான். 1897 வரை ஆஸ்கார் வைல்ட் அடைபட்டிருந்த சிறை அங்கே இருந்தது. அதைப் பற்றிய அவரது கவிதையின் தலைப்பைப் பார்த்து, வாசித்ததற்கா ஜெயில் என்று ஒருவர் திகைத்தால் அவர்மேல் குற்றமில்லை.

ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சகிக்காத பெர்னார்ட் ஷா, 1950இல் இறந்தபோது புதிய எழுத்துமுறைக்காக உயிலில் பணம் ஒதுக்கியிருந்தார். அந்த எழுத்தில் அவரது நாடகம் ஒன்று 1962இல் அச்சேறியது. அதில் ரீட்டுக்கு ஒரு வடிவம், ரெட்டுக்கு வேறு வடிவம். வடிவமைத்தவர் பெயர் கிங்ஸ்லி ரீட். அவர் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டதும் அதே நாலு எழுத்தில்தான்.